சாதாரண பாஸ் கிற்றாரைப் பூட்டீக் தரத்துக்கு ஏற்றுவது: உப்புக்காற்று ஊரில் எதை முதலில் மாற்றலாம்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பாஸ் வாசிக்கிற தம்பிமார் அனேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அண்ணா, பிரிட்ஜ மாத்துறதா, பிக்கப்ப மாத்துறதா?" (பிரிட்ஜ் என்பது உடலில் கம்பியைத் தாங்குகிற தகடு, பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்.) கையில் இருப்பது ஃபெண்டரின் மலிவு வகையான ஸ்குவயர் ஜாஸ் பாஸ், இல்லையென்றால் கட்டாரிலிருந்து யாரோ வரும்போது கொண்டுவந்து கொடுத்த பிரசிஷன் கொப்பி. இரவில் படுத்துக்கொண்டு யூடியூப்பில் பார்ப்பது சடோவ்ஸ்கி, லேக்லேண்ட், மைக் லல் மாதிரி சின்னப் பட்டறைக்காரர்களின் விலைகூடிய பாஸ்கள், பூட்டீக் என்பது அவற்றைத்தான். இரண்டுக்கும் இடையில் பல லட்சம் ரூபாய். அதில் எவ்வளவு தூரத்தை ஒரு ஸ்க்ரூட்ரைவரும் சோல்டரிங் அயனும் வைத்து நாமே கடக்கலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேள்விக்குப் பதிலை இங்கேயே சொல்லிவிடலாம்: முதலில் நெக் (குறுக்கே ஃப்ரெட் என்ற உலோகக் கோடுகள் பதித்த கழுத்து), பிறகு துருப்பிடிக்கிற சாமான், அப்புறம் வயரிங், பிக்கப் அதற்கும் பின்னால். விற்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், ஏனென்றால் பிக்கப்பைப் பெட்டியில் போட்டு விற்கலாம், நெக் வேலையைப் போட முடியாது.

பூட்டீக்காரர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்

லியோ ஃபெண்டர் பிரசிஷன் பாஸை வெளியிட்டது 1951இல். இரண்டாகப் பிளந்த பிக்கப்பும் கம்பிக்கொரு சாடிலும் (பிரிட்ஜில் கம்பி உட்காருகிற துண்டு) அதில் வந்தது 1957இல், ஜாஸ் பாஸ் வந்தது 1960இல். எல்லாமே ஸ்க்ரூ போட்டுப் பூட்டியவை, எதையும் கழற்றலாம், எதையும் மாற்றலாம். அதனால்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் சின்னப் பட்டறைக்காரர்கள் அதே வடிவத்தை வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். நியூயோர்க்கில் ரொஜர் சடோவ்ஸ்கி 1979இல் பட்டறை தொடங்கி மற்றவர்களின் ஃபெண்டர்களைத் திருத்திக் கொடுத்தவர். பாஸ் வாசிப்பாளர் மார்கஸ் மில்லரின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பாஸில் அவர் செய்த வேலை பேசப்பட்டது. பிறகு சொந்தமாகச் செய்யத் தொடங்கி, உடலைச் சின்னதாக்கினார், உள்ளே குடைந்து பாரம் குறைத்தார், இரைச்சலில்லாத பிக்கப் போட்டார், 40 ஹெர்ட்ஸையும் 4 கிலோஹெர்ட்ஸையும் கூட்ட மட்டும் முடிகிற ஒரு ப்ரீஆம்ப் (உள்ளே பற்றரியில் ஓடுகிற சின்னச் சத்தம் கூட்டி) வைத்தார். குறைக்கிற வசதியே அதில் இல்லை. மேடையில் பதற்றத்தில் எதையாவது திருகினாலும் சத்தம் மெலிந்து போகாது, நல்ல யோசனைதான். சிக்காகோவின் லேக்லேண்ட் நெக்குக்குள் கிராஃபைட் கம்பி வைத்து அது வளைவதைக் குறைக்கிறது. ஜெர்மனியில் சாண்ட்பெர்க் இருக்கிறது, ஜப்பானில் அட்டெலியே ஸீ இருக்கிறது.

இவர்களின் பாகப் பட்டியலை வாசித்தால் கோட்டோ, ஹிப்ஷொட், நோர்ட்ஸ்ட்ராண்ட், அகுயிலார் என்று வரும். அத்தனையும் நீங்களும் நானும் காசு கொடுத்து வாங்கக்கூடியவை. பட்டியலில் வராத விஷயங்கள்தான் விலையை ஏற்றுகின்றன: ஃப்ரெட் எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பது, நட்டின் (நெக்கின் தலைப் பக்கம் கம்பி உட்காருகிற சின்னக் கட்டை) வெட்டு சரியான ஆழத்தில் இருப்பது, நெக் உடலில் இடைவெளியில்லாமல் உட்காருவது, பாரம் குறைந்த மரத்தைப் பொறுக்கி எடுப்பது. இதில் கடைசியை விட்டு மற்றதெல்லாம் கை வேலை.

இன்னொன்று, பழசு மாதிரித் தெரிய வேண்டும் என்று புதுப் பாஸின் வார்னிஷைச் சுரண்டி, இரும்பைக் கறுப்பாக்கி விற்கிற பூட்டீக் வகையும் உண்டு. கல்லடிக் கடற்கரையிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கு அந்த வேலையைக் காற்று இலவசமாகவே செய்து தரும், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

நெக்: ஒரு சதம் செலவழிக்க முதல்

நம்ம ஊரில் மரத்துக்கு இரண்டு காலம். வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கும்போது சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும், மரம் சுருங்கும், ஃப்ரெட்டின் முனை பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வந்து இடக்கையைக் கீறும். கார்த்திகை, மார்கழி மாரியில் அதே மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். நெக் எந்தப் பக்கம் வளையும் என்பது நெக்குக்கு நெக் வேறுபடும், ஆகவே ஊகிக்காமல் அளவெடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, கச்சான் தொடங்கியதும் ஒன்று, மழை பிடித்ததும் ஒன்று, இதைச் செய்தால் போதும்.

அளக்க ஃபீலர் கேஜ் (தடிப்புக் குறித்த மெல்லிய தகடுகள்) வேண்டும். அதைத் தேடி இசைக்கருவிக் கடைக்கு அலையாதீர்கள், மோட்டார் சைக்கிள் டெப்பட் செற் பண்ண கராஜில் வைத்திருப்பது அதேதான், ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். பாஸை ரியூன் பண்ணிவிட்டு முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற, கம்பியை அழுத்திப் பிடிக்கிற கிளிப்பைப் போடுங்கள் (அல்லது ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்), நெக்கும் உடலும் சேருகிற இடத்து ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்துங்கள், இப்போது ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழே 0.3 மில்லிமீற்றர் தகடு உரசியும் உரசாமலும் போக வேண்டும். இடைவெளி கூட என்றால் ட்ரஸ் ரொட்டை (நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கம்பி) வலப்பக்கம் கால் சுற்று இறுக்குங்கள், குறைவென்றால் இடப்பக்கம் கால் சுற்று தளர்த்துங்கள். திரும்ப ரியூன் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு, மறுகா அளவெடுங்கள். பலம் போட்டுத்தான் திரும்புகிறது என்றால் நிறுத்திவிடுங்கள், அது தெரிந்த ஒருவரிடம் போக வேண்டிய நெக்.

அது சரியானதும் பதினேழாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். ஃபெண்டர் வகைப் பாஸில் தடித்த ஈ கம்பிக்கு 2.4, ஜி கம்பிக்கு 2 மில்லிமீற்றர் என்பது நல்ல தொடக்கம். விரலை ஓங்கி அடித்து வாசிப்பவர்கள் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம், பைலாவுக்கு ஓங்கித்தான் அடிக்க வேண்டியிருக்கும். பிறகு நட்: மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும், அவ்வளவுதான். மலிவுப் பாஸ்களில் அங்கே ஒரு கடதாசி மட்டையே போகும், அதனால்தான் முதல் ஃப்ரெட்டில் எஃப் வாசித்தால் சுருதி கூடிப் போகிறது. எலும்பு நட் ஒன்று பெரிய விலை இல்லை. வெட்ட அரம் வேண்டும், கை நடுங்காத ஓடாவியார் ஒருவர் தெரிந்தவராக இருந்தால் அவரிடம் நீங்களும் கூட உட்கார்ந்து செய்யுங்கள். ஆழம் கூடிப் போனால் நட் வீண், ஆகவே அரத்தால் இரண்டு இழுப்பு, கம்பியைப் போட்டுப் பார்ப்பது, திரும்ப இரண்டு இழுப்பு.

கடைசியாகச் சாடில். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தொட்டு எடுக்கிற ஹார்மொனிக்கையும் அதே ஃப்ரெட்டை அழுத்தி எடுக்கிற சுரத்தையும் ரியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூட என்றால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைவென்றால் முன்னுக்கு. புதுக் கம்பி போட்டபிறகே இதைச் செய்யுங்கள், பழங்கம்பியில் ஒருநாளும் சரிவராது.

கம்பி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரசிஷனில் லா பெல்லாவின் தடித்த ஃப்ளாட்வூண்ட் (மேலே தட்டையாகச் சுற்றிய) கம்பியைப் போட்டுவிட்டு மாற்றாமலே வாசித்தவர். ஃப்ளாட் கம்பியில் அழுக்குச் சேர இடுக்கு இல்லை, வருடக்கணக்கில் நிற்கும். நம்ம வியர்வைக்கும் உப்புக்கும் அதுதான் மலிவு, வாங்கும்போது மட்டும் வலிக்கும். பளீரென்ற ஸ்லாப் சத்தம் வேண்டுமென்றால் நிக்கல் ரவுண்ட்வூண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றியது), 45-105 தடிப்புச் செற். வாசித்து முடிந்ததும் ஒரு பழைய பருத்தித் துணியால் கம்பிக்கு அடியிலும் மேலிலும் துடைக்கிற பழக்கம் எந்தப் பூச்சுக் கம்பியையும் விடப் பெறுமதியானது.

துருப்பிடிக்கிற சாமான்

இனித்தான் காசு. பிரிட்ஜில் சாடிலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன ஸ்க்ரூவை ஒருக்கால் டோர்ச் அடித்துப் பாருங்கள். தலை கிடையாது, மேலே ஆறு மூலைக் குழி மட்டும்தான். வலக்கை உள்ளங்கையின் வியர்வை நேராக அதற்குள் இறங்கி, உள்ளே செம்மண் நிறத்தில் பொடி சேர்ந்திருக்கும். அதோடு அலன் கீயை விட்டுத் திருகினால் மூலை மழுங்கி வட்டமாகிவிடும், பிறகு அந்த ஸ்க்ரூவுக்குச் சொர்க்கமும் இல்லை நரகமும் இல்லை. முதலில் குண்டூசியால் பொடியைக் கிண்டி எடுங்கள். பல்லுக்குத்தி நுனியில் ஒரு சொட்டு துருக்கழற்றி எண்ணெய் வைத்து இரவு முழுக்க விடுங்கள் (ஸ்ப்ரேயை நேராக அடித்தால் பிக்கப்புக்குள்ளும் மரத்துக்குள்ளும் போகும்). அசையாவிட்டால் சோல்டரிங் அயன் நுனியை அதில் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டுத் திருப்பிப் பாருங்கள். கீயின் அளவும் முக்கியம்: ஆசியாவில் செய்த பாஸ்களில் பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர், அமெரிக்க ஃபெண்டரில் அங்குல அளவு. ஒன்றுக்குள் மற்றதை விட்டு ஆட்டித்தான் பாதி ஸ்க்ரூ சாகிறது. கழன்று வந்ததும் அதே அளவில் ஸ்ரெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள், போடும்போது தையல் மெசின் எண்ணெய் ஒரு தொடுகை. இந்த ஊரில் இதைவிட லாபமான அப்கிரேட் கிடையாது.

பிரிட்ஜ் முழுவதையும் மாற்றலாமா? ஃபெண்டரின் பழைய பிரிட்ஜ் வெறும் வளைத்த தகடு. பாடாஸ் என்ற கனமான பிரிட்ஜ் எழுபதுகளில் பிரபலமானது, இப்போது கோட்டோ 201, ஹிப்ஷொட் கிக்காஸ் போன்றவை அந்த இடத்தில். சத்தம் நீண்டு நிற்கும், அடி பலக்கும் என்றெல்லாம் எழுதுவார்கள். என் காதுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான், பாண்ட் சேர்ந்து வாசிக்கும்போது அதுவும் தெரியாது. ஆனால் கனமான பிரிட்ஜில் சாடில் பக்கவாட்டில் ஆடாது, பித்தளைச் சாடில் செந்துருப் பிடிக்காது, அந்தக் காரணத்துக்காக மாற்றுங்கள், சத்தத்துக்காக வேண்டாம். வாங்குவதற்கு முதல் பழைய பிரிட்ஜின் ஸ்க்ரூ துளைகளுக்கு இடையிலான தூரத்தையும், முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் இடையிலான தூரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தகடு தடித்திருப்பதால் சாடிலை அடிமட்டத்துக்கு இறக்கியும் கம்பி உயரமாக நின்றால், நெக்கின் அடியில் ஒரு மெல்லிய சீவல் வைக்க வேண்டி வரும். பிரிட்ஜுக்கு அடியில் ஒரு வெறும் வயர் வரும், அது ஏர்த். புதுப் பிரிட்ஜை இறுக்கும்போது அது தகட்டோடு நன்றாக முட்டுகிறதா என்று மல்டிமீற்றரில் பாருங்கள். தங்கப்பூச்சு வாங்காதீர்கள், வியர்வைக்கு அது நிற்காது.

ரியூனிங் கீகளில் துருவைவிடப் பாரம்தான் பிரச்சினை. கையை விட்டதும் தலை கீழே சாய்கிற பாஸ்களுக்கு ஹிப்ஷொட் அல்ட்ராலைட் மாதிரி பாரம் குறைந்த செற் போட்டால் தோளுக்கு உடனே தெரியும், கோயில் திருவிழாவில் விடிய விடிய நின்று வாசிப்பவர்களுக்குத் தோள்தான் முக்கியம். அதே ஆட்கள் செய்கிற, ஒரு நெம்பில் ஈ கம்பியை டிக்கு இறக்குகிற கீயும் உண்டு. டி சுருதிப் பாட்டு அடிக்கடி வருகிற சேர்ச் பாண்ட்காரர்களுக்கு அது நல்ல சாமான். கீ வாங்கும்போது தலையில் உள்ள துளையின் விட்டத்தை வேர்னியரில் அளந்துவிட்டு வாங்குங்கள், பழைய ஃபெண்டர் அளவும் இக்காலத்து அளவும் ஒன்றல்ல. பழைய ஸ்க்ரூ துளை பெரிதாகிவிட்டால் மரப்பசையில் தோய்த்த தீக்குச்சியைத் தட்டி முறித்துவிட்டு, காய்ந்ததும் திரும்பத் துளையுங்கள்.

வயரிங்: இரைச்சலும் கரண்டும்

பின்பக்கத்தையோ பிக்கார்டையோ திறந்தால் உள்ளே, வொலியூம், டோன் குமிழ்களுக்கு அடியில், குட்டிக் குட்டியான பொட்கள் இருக்கும். அவற்றை மாற்றுவது மலிவு. 250 கிலோஓம், முதுகில் A250K என்று அடித்தது வேண்டும். B என்று இருந்தால் வொலியூம் சீராக ஏறாது, தொடக்கத்திலேயே திடீரென்று எகிறி, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அமெரிக்க சிடிஎஸ் பொட்டின் கழுத்து ஆசியப் பொட்டைவிடத் தடித்தது, 9.5 மில்லிமீற்றர், ஆகவே தகட்டின் துளையை அரத்தால் பெருப்பிக்க வேண்டும், பழைய குமிழும் பொருந்தாமல் போகலாம். டோனுக்கு 0.047 மைக்ரோஃபரட் கெப்பாசிற்றர், மேலே 473 என்று அச்சடித்திருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ, ஊரில் ரேடியோ திருத்துகிறவரிடமோ சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். எண்ணெயில் ஊறிய கடதாசிக் கெப்பாசிற்றர் என்று பூட்டீக்காரர்கள் பல ஆயிரத்துக்கு விற்பதும் அதே அளவுதான், அதே வேலைதான்.

ஜாஸ் பாஸில் இரண்டு வொலியூமும் முழுதாகத் திறந்திருக்கும்போது இரைச்சல் அடங்கி, ஒன்றைக் குறைத்ததும் உர்ரென்று வந்தால் அது பழுதல்ல, ஒற்றைச் சுருளின் குணம். பிரசிஷனில் இரண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றியிருப்பதால் அது வராது. குழிக்குள் செப்பு நாடா ஒட்டுவது மேடை லைட், ஃபோன், டிமர் போன்றவற்றின் கீச்சைக் குறைக்கும், அந்த உர்ரைக் குறைக்காது. அதற்குச் சுருளை இரட்டையாகச் சுற்றிய இரைச்சலில்லாப் பிக்கப்தான் வழி. நாடாத் துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பாக இருக்கிறதா என்று மீற்றரில் பார்த்து, ஒரு வயரால் ஏர்த்தோடு சேர்த்துவிடுங்கள். ஜாக்கின் நுனித் தகடு நாடாவில் முட்டினால் சத்தமே வராது, அந்த இடத்தில் இன்சுலேஷன் ரேப் ஒட்டுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. திருவிழா மேடைகளில் ஜெனரேற்றர் ஓடும், ஏர்த் கம்பி மண்ணில் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் வாயை வைத்தால் சுள்ளென்று அடிக்கும், சிலவேளை அதோடு நிற்காது. வாசிக்கத் தொடங்க முதல் மல்டிமீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் தொடுங்கள். பத்து இருபது வோல்ற் காட்டினாலே சவுண்ட்காரரைக் கூப்பிட்டு ஏர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆம்பின் ஏர்த் பின்னைக் கழற்றி இரைச்சலைப் போக்குகிற குறுக்கு வழியை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அடிக்கடி இப்படியான மேடைதான் என்றால் எந்தப் பிக்கப்பையும் விட ஒரு வயர்லெஸ் வாங்குவது புத்தி, உங்களுக்கும் ஆம்புக்கும் இடையில் வயரே இருக்காது.

பிக்கப், ப்ரீஆம்ப்

மேலே சொன்னதெல்லாம் முடிந்தபிறகும் சத்தம் பிடிக்காவிட்டால் பிக்கப்புக்கு வாருங்கள். அதற்கு முதல் அதன் உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு தடித்த பக்கம் ஏறக்குறைய 2.8, மெல்லிய பக்கம் 2 மில்லிமீற்றர். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். பிரசிஷன் பிக்கப் மாற்றுவது லேசு, அளவு ஒன்றுதான். ஜாஸில் முறைப்படி பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் கொஞ்சம் நீளம், ஆனால் சில மலிவுப் பாஸ்களில் இரண்டும் ஒரே நீளம், அளக்காமல் வாங்கினால் குழியில் இறங்காது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: எழுபதுகளின் ஜாஸ் பாஸில் பின்பக்கப் பிக்கப்பைப் பிரிட்ஜுக்கு இன்னும் கிட்டத் தள்ளி வைத்தார்கள். மார்கஸ் மில்லர் சத்தம் பாதி அந்த இடத்தால்தான் வருகிறது, அறுபதுகளின் இடத்தில் துளைத்த உடலில் எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் அது அப்படியே வராது.

ப்ரீஆம்ப் எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. 9 வோல்ற் பற்றரி பாட்டின் நடுவில் தீரும், கேபிளை ஜாக்கிலிருந்து கழற்றாமல் விட்டால் சும்மா கிடந்தே தீரும், ஈரத்துக்குப் பற்றரி கிளிப் பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். போடத்தான் வேண்டுமென்றால் பற்றரி செத்தாலும் வாசிக்கக்கூடிய பாசிவ் சுவிட்ச் உள்ளதாகப் போடுங்கள்.

ஃப்ரெட்லெஸ் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஜாகோ பஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பாஸின் ஃப்ரெட்டைப் பிடுங்கிவிட்டுப் பலகைக்குப் பூசியது படகுக்குப் பூசுகிற எபொக்சி. ஃபைபர் போட் திருத்துகிற ஆட்கள் வாவிக்கரையில் நிறையப் பேர், அந்த வகை எபொக்சி எங்கே கிடைக்கும் என்று அவர்களையே விசாரிக்கலாம். பழைய, தேவையில்லாத ஒரு நெக்கில் செய்து பாருங்கள்.

எப்போது நிறுத்துவது

நெக் முறுகியிருந்தால் (தலைப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெரியும்) அந்தப் பாஸில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். நெக் நல்லதாக இருந்து, பாகங்களின் விலை பாஸின் விலையைத் தொடுகிறது என்றாலும் நிறுத்துங்கள். விற்கும்போது பாகத்துக்குப் போட்ட காசு திரும்பி வராது, ஸ்குவயர் ஸ்குவயராகத்தான் விலைபோகும். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால் லேக்லேண்டின் ஸ்கைலைன் மாதிரி நடுத்தர வகை பாவித்த நிலையில் கிடைக்கலாம். பாகங்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் சுங்க வரியையும் கூரியர் காசையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிக்கப்பும் கீயும் சின்னச் சாமான், விடுமுறைக்கு வருகிற மச்சான் பெட்டியின் மூலையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். பாஸ் முழுதாக வருவதென்றால் அது வேறு கதை.

கழற்றிய பாகங்களை வீசாமல் ஸ்க்ரூவோடு ஒரு சிப் பையில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் வைத்துவிடுங்கள். பாஸை விற்கிற அன்றைக்குப் பழையதைத் திருப்பிப் பூட்டி, நல்லதைக் கழற்றி அடுத்ததுக்கு வைத்துக்கொள்ளலாம்.